ரீயூனியனில் பிள்ளைகளை ஓட்டப் பயிற்சியில் சேர்க்க: புதிதாக வந்த பெற்றோருக்கான வழிகாட்டி

காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேந்தாந்த்ரே நகரில் குடியேறிய முதல் ஆண்டில், என் பிள்ளைகள் இருவரையும் ஓட்டப் பயிற்சியில் சேர்க்க நான் பட்ட பாட்டை இப்போது நினைத்துப் பார்த்தால், செய்த வேலைகளில் பெரிய தவறு இல்லை, செய்த வரிசைதான் தலைகீழ் என்று தெரிகிறது. முதலில் காலணி வாங்கினேன். அடுத்து ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். அதன் பிறகுதான் சங்கம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று கேட்டது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது, சங்கத்தில் மகளின் வயதுக் குழுவில் இடம் நிரம்பிவிட்டது, மகனுக்குக் காலணியும் சிறிதாகிவிட்டது. உங்களுக்கு அந்த ஓராண்டு வீணாகக் கூடாது என்பதால், வரிசையைச் சரிப்படுத்தி இங்கே எழுதுகிறேன். படிவங்களில் வரும் பிரெஞ்சுச் சொற்களை அவை ஒலிக்கும் விதத்திலேயே தருகிறேன், ஏனென்றால் அலுவலகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

1. சங்கத்தைத் தேடும் முன் நான்கு வாரம் நீங்களே ஓட வையுங்கள்

இதற்குக் காகிதமும் வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டுக்கு அருகே வண்டிகள் வராத, புல்லோ மண்ணோ உள்ள ஓரிடம் இருந்தால் போதும். நாங்கள் ஷாம்போர்ன் கடற்கரைப் பக்கம் உள்ள கொலோஸ் பூங்காவுக்குப் போனோம். முதல் நாள் பன்னிரண்டு வயது மகன் அம்பு போலப் பாய்ந்து, ஐந்து நிமிடத்துக்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எட்டு வயது மகள் அண்ணனைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் அழுதாள். அன்று நான் செய்த தவறு, இருவரையும் சேர்த்து விட்டுவிட்டு ‘ஓடுங்கள்’ என்று மட்டும் சொன்னது. பிள்ளைகளுக்கு ‘ஓடு’ என்றால் ‘முழு வேகத்தில் ஓடு’ என்று பொருள். மெதுவாக ஓடுவது என்று ஒன்று இருப்பதை நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதற்கு நான் கண்ட வழி வாய்ப்பாடு. மகளின் பக்கத்தில் ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். ‘ஏழெட்டு’ என்று சொல்லி, மூச்சு வாங்கி, ‘ஐம்பத்து’ என்று நிறுத்தி, மீண்டும் மூச்சு வாங்கி ‘ஆறு’ என்று முடித்தால், வேகம் அதிகம் என்று பொருள். ஒரே மூச்சில் ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று வந்தால் அதுதான் சரியான வேகம். கைக்கடிகாரமோ இதயத் துடிப்புக் கருவியோ எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் வாரத்துக்குள் அவள் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். வாய்ப்பாடும் மனப்பாடம் ஆனது தனி லாபம்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றி வைப்பது நல்லது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என எட்டு முறை. இரண்டாம் வாரம் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என ஆறு முறை. மூன்றாம் வாரம் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என ஐந்து முறை. நான்காம் வாரம் ஐந்து நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என மூன்று முறை. வாரத்தில் இரண்டு நாள் போதும், மூன்றைத் தாண்ட வேண்டாம், இடையில் ஒரு நாளாவது விடுங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் படித்துவிட்டு, 60 நிமிடமும் ஓட வைக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். மிதிவண்டி, நீச்சல், பள்ளி மைதானத்தில் ஆடும் பந்து எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த நிமிடக் கணக்கே வேண்டாம். ஓடிப்பிடித்து, நொண்டி, ‘அந்த மரத்தைத் தொட்டுவிட்டு வா’ என்பவை போதும். அரை மணி நேரம் ஓடிப்பிடித்து ஆடிய பிள்ளை எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், நீங்களே வியப்பீர்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: போகலாமா என்று பிள்ளை தானாக ஒரு முறையாவது கேட்டதா? கேட்டிருந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். கேட்கவில்லை என்றால் இன்னும் நான்கு வாரம் விளையாட்டாகவே விடுங்கள். எந்தச் செலவையும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டாம்.

2. நேரத்தையும் வானிலையையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்

தீவின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து, காலை ஒன்பது மணிக்கே பிள்ளைகளின் முகம் சிவந்துவிடும். அந்த மாதங்களில் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் சிக்கல் வேறு விதமானது. ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அந்திப் பொழுதும் நம் ஊரைப் போலவே சுருங்கியது. பள்ளி முடிந்து, சிற்றுண்டி உண்டு, உடை மாற்றிக் கிளம்பினால் நாற்பது நிமிடம்கூடக் கிடைக்காது. ஆகவே குளிர்கால மாதங்களில், பிற்பகலில் வகுப்பு இல்லாத புதன், சனி என்று நாள்களை நிலையாக வைத்துக்கொள்வது எளிது.

மழைக்காலத்தில் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் ஓட விடாதீர்கள். எலிகளின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சல் இத்தீவில் ஆண்டுதோறும் வருவது, காலில் கீறல் இருந்தால் அதை மூடிவிட்டே அனுப்புங்கள். இரண்டு, மாலைப் பயிற்சிக்குக் கொசு விரட்டி பூசுங்கள். 2025இல் சிக்குன்குன்யா தீவெங்கும் பரவியது. அந்த நோயிலிருந்து மீண்ட பிள்ளைக்கு மூட்டு வலி சில வாரங்கள் நீடிக்கலாம், மருத்துவர் சொல்லும் வரை ஓட்டம் வேண்டாம். மூன்று, புயல் எச்சரிக்கை. ஆரஞ்சு நிலை அறிவிக்கப்பட்டதும் பள்ளிகள் மூடப்படும். பயிற்சியும் நடக்காது, அதைத் தனியே தொலைபேசியில் கேட்கத் தேவையில்லை. எச்சரிக்கை நீங்கிய மறுநாளே பூங்காவுக்கு ஓடிவிடாதீர்கள், முறிந்த கிளைகளை அகற்றச் சில நாள்கள் ஆகும்.

கரும்புத் தோட்டங்களுக்கு இடையே உள்ள பாதைகள் ஆளில்லாமல் அழகாக இருக்கும், ஓடுவதற்கு ஏற்றவை போலவும் தோன்றும். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான அறுவடைக் காலத்தில் பிள்ளைகளுடன் அந்தப் பக்கம் போகாதீர்கள். கஷலோ என்று இங்கே அழைக்கப்படும் பெரிய கரும்பு வண்டிகள் வளைவில் திரும்பும்போது, வரப்போரம் நிற்கும் சிறுபிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. தெருநாய்களும் அந்தப் பாதைகளில் அதிகம். நாய் துரத்தினால் ஓடக் கூடாது, நின்றுவிட வேண்டும் என்பதை ஓட்டம் கற்றுக்கொடுக்கும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

3. எந்த வழியில் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

வழி மூன்று. தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், பள்ளி யுசெப் என்னும் தொடக்கப் பள்ளி விளையாட்டு அமைப்பில் சேர்ந்திருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால் ஓட்டம் உட்படப் பல விளையாட்டுகள் அங்கேயே கிடைக்கும். எல்லாப் பள்ளிகளும் சேர்ந்திருப்பதில்லை.

கொலேஜ் என்னும் நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு என் கருத்தில் இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை: கொலேஜின் சொந்த விளையாட்டுச் சங்கம். உடற்கல்வி ஆசிரியர்களே புதன் பிற்பகலில் நடத்துகிறார்கள். யுஎன்எஸ்எஸ் என்னும் தேசியப் பள்ளி விளையாட்டு அமைப்பின் லிசான்ஸும், அதாவது உறுப்பினர் சீட்டும், அதில் அடங்கும். மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. உடற்கல்வி வகுப்பில் பங்கேற்கும் மாணவர், சங்கப் பயிற்சிக்கும் தகுதியானவர் என்றே கொள்ளப்படுகிறார். பெற்றோரின் அனுமதிக் கையொப்பமும் ஆண்டுக் கட்டணமும் மட்டும் போதும். நான் மகனுக்குக் கட்டியது 20 யூரோ. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கொலேஜ் நுழைவாயிலில் ஒட்டியிருந்த தாளை நான் ஒரு முழு ஆண்டு கடந்து போயிருக்கிறேன்.

மூன்றாவது, நகரத் தடகளச் சங்கம். வாரம் இரண்டு மூன்று பயிற்சி, முறையான பயிற்சியாளர், போட்டிகள் எல்லாம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஓட்டம் மட்டும் அல்ல, தாண்டுதல், எறிதல் எல்லாம் கலந்தே சொல்லித்தருவார்கள். ‘ஓட்டம் கற்கத்தானே அனுப்பினேன், பந்தை எறியவிட்டு நிற்கிறார்களே’ என்று நான் முதல் வாரத்தில் முணுமுணுத்தேன். பத்து வயதுக்குள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் உடலைப் பல வகையில் பழக்குவதே காலுக்கு நல்லது என்பதைப் பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படும், பள்ளி வகுப்பைக் கொண்டு அல்ல. வயதுக்கு முந்திய அல்லது பிந்திய வகுப்பில் படிக்கும் பிள்ளை தன் வகுப்புத் தோழர்களிலிருந்து பிரிந்து வேறு குழுவுக்குப் போக நேரலாம் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

சேரும் காலம்: இங்கே பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கிறது. அதை ஒட்டிய வாரங்களில் மேரி, அதாவது நகராட்சி, சங்கங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் கூட்டும் நாளை நடத்தும். பெரும்பாலான சங்கங்களின் பதிவும் அப்போதே தொடங்கும். சிறு பிள்ளைகளின் குழுக்களுக்குப் பயிற்சியாளர் குறைவு என்பதால், அவைதான் முதலில் நிரம்பும். செப்டம்பர் நடுவைத் தாண்டினால் காத்திருப்போர் பட்டியல்தான்.

4. உடல்நல வினாத்தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முன்பெல்லாம் சங்கத்தில் சேர ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த ஆணைக்குப் பிறகு, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் மட்டுமே. எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்றால், அவ்வாறு பதில் அளித்தோம் என்று பெற்றோர் ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டுச் சங்கத்திடம் கொடுத்தால் போதும். வினாத்தாள் வீட்டிலேயே இருக்கும், பிள்ளையின் உடல்நல விவரங்களைச் சங்கத்திடம் காட்டத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்விக்கு ‘ஆம்’ வந்தாலும், ஆறு மாதத்துக்குள் பெற்ற மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

பழைய நடைமுறையை நினைவில் வைத்திருந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, நான் இரு பிள்ளைகளையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று சான்றிதழ் வாங்கினேன். அது தேவைப்படவே இல்லை. விளையாட்டுச் சான்றிதழுக்காக மட்டும் மருத்துவரைப் பார்த்தால் அந்தக் கட்டணத்தை மருத்துவக் காப்பீடு திருப்பித் தருவதில்லை என்பதும் பணம் கட்டிய பிறகே தெரிந்தது.

வினாத்தாளில் நம்மைப் போன்ற புதியவர்களை மடக்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையின் வயதுக்குரிய மருத்துவப் பரிசோதனையைத் தவறவிட்டீர்களா என்பது அது. 8 முதல் 9 வயது, 11 முதல் 13 வயது, 15 முதல் 16 வயது ஆகிய கட்டங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழுப் பரிசோதனை விதிக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளில் பலருக்கு அது நடந்திருக்காது. அப்படியானால் நேர்மையான பதில் ‘ஆம்’தான், உடனே சான்றிதழ் தேவைப்படும். இதைத் தவிர்க்க எளிய வழி, ஜூன் அல்லது ஜூலையிலேயே அந்தப் பரிசோதனையை முடித்துவிடுவது. இந்தக் கட்டாயப் பரிசோதனைகளுக்கான கட்டணத்தை மருத்துவக் காப்பீடு முழுமையாக ஏற்கிறது. முன்பதிவு செய்யும்போதே ‘எட்டு ஒன்பது வயதுப் பரிசோதனைக்கு’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். கார்னே த சாந்தே எனப்படும் பிள்ளையின் உடல்நலப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவில் போட்ட தடுப்பூசிகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோனால், மருத்துவர் அவற்றை அதில் பதிந்து தருவார்.

வினாத்தாளின் பெரும்பகுதி பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்விகள்: ஓடும்போது தலை சுற்றியதா, நெஞ்சில் வலி வந்ததா, இரண்டு வாரத்துக்கும் மேலாகச் சோர்வாக இருக்கிறதா, தூக்கம் வரவில்லையா என்பன போன்றவை. பெற்றோரிடம் கேட்கும் பகுதியில், நெருங்கிய உறவினர் யாராவது 50 வயதுக்கு முன் திடீரென இறந்தார்களா என்ற கேள்வி இருக்கிறது. நம் வீடுகளில் இப்படிப்பட்ட செய்திகளைப் பிள்ளைகளின் காதில் போடாமல் மறைப்பது வழக்கம், சில வேளை மருமகளுக்கே தெரியாது. ஊருக்குத் தொலைபேசியில் பேசி, இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். மளமளவென்று எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று குறித்துக் கையெழுத்திடுபவர்களை வரிசையில் பார்த்திருக்கிறேன், நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன்.

சான்றிதழ் வாங்க வேண்டிய நிலை வந்தால், அதில் விளையாட்டின் பெயராகத் ‘தடகளம்’ என்றும், போட்டிகளில் பங்கேற்பதாக இருந்தால் ‘போட்டி’ என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ‘விளையாட்டு செய்யலாம்’ என்று பொதுவாக எழுதிய தாளைச் சங்கம் திருப்பி அனுப்பலாம்.

மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஓட்டம் தடை அல்ல, ஆனால் ஒரு காகிதம் கூடுதலாக வேண்டும். பள்ளியில் மருந்து கொடுப்பதற்காகச் செய்துகொள்ளும் பே-ஆ-இ (PAI) என்னும் ஒப்பந்தம் பள்ளியைத் தாண்டிச் செல்லாது. நகரச் சங்கத்தின் பயிற்சியாளருக்கு மருத்துவரின் குறிப்பின் படியைத் தனியே கொடுத்து, உறிஞ்சு மருந்தைப் பையின் எந்த அறையில் வைத்திருக்கிறோம் என்றும் காட்டிவிடுங்கள்.

5. ஆவணங்களில் பெயரை ஒரே விதமாக எழுதுங்கள்

சங்கம் பொதுவாகக் கேட்பவை: நிரப்பிய படிவம், பிள்ளையின் அடையாளச் சான்று அல்லது பெற்றோர், பிள்ளைகளின் பதிவுகள் அடங்கிய குடும்பப் புத்தகத்தின் படி, ஒரு புகைப்படம், மேற்சொன்ன உறுதிமொழி, அவசரச் சிகிச்சைக்கான பெற்றோர் அனுமதி, பிள்ளையின் படத்தை வெளியிடலாமா என்ற அனுமதி. கடைசியில் உள்ளதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மறுத்ததற்காகப் பிள்ளையைச் சேர்க்காமல் விட மாட்டார்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று இந்தியாவில் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவு நாந்த்திலுள்ள மையப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதன் படியை இணையம் வழியாகக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம், அஞ்சலில் வருவதற்கு நேரம் ஆகும் என்பதால் ஜூலையிலேயே கேட்டு வையுங்கள். மற்றவர்கள் கடவுச்சீட்டின் படியைக் கொடுக்கலாம்.

இனி பெயர். நமக்குத் தந்தை பெயரின் முதல் எழுத்தும் சொந்தப் பெயரும்தான், குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. பிரெஞ்சுப் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். கொலேஜ் படிவத்தில் நான் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினேன். சங்கப் படிவத்தை நிரப்பிய என் கணவர், மகனின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் தந்தை பெயரை மற்றொன்றிலும் எழுதிவிட்டார். விளைவு, ஒரே பையன் இரண்டு ஆளானான். அவன் ஓடிய முதல் போட்டியின் முடிவு எங்களால் கண்டுபிடிக்க முடியாத பெயரில் இருந்தது, திருத்துவதற்கு மூன்று மின்னஞ்சலும் ஏழு வாரமும் ஆயின. கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

காப்பீட்டுத் தாளையும் பாருங்கள். பள்ளிக்காக எடுக்கும் காப்பீட்டில் பள்ளி நேரத்துக்கு மட்டும் பொருந்துவது ஒன்று, வெளி நேரத்துக்கும் பொருந்துவது மற்றொன்று. விலை வேறுபாடு சிறிது. பூங்காவில் நீங்களே அழைத்துச் சென்று ஓடவைக்கும் நாள்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றால் இரண்டாவதை எடுங்கள்.

6. செலவைக் கணக்கிடுங்கள்

எங்கள் வீட்டுக் கணக்கு: மகனுக்குக் கொலேஜ் சங்கம் 20 யூரோ, மகளுக்கு நகரச் சங்கம் லிசான்ஸ் சேர்த்து 130 யூரோ, காலணிகள் இரண்டு சோடி 75 யூரோ, சங்கச் சட்டை 15 யூரோ. சங்கத்துக்குச் சங்கம் கட்டணம் மாறும். முழுத் தொகையையும் ஒரே நாளில் கட்ட வேண்டும் என்று நினைத்து நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். மூன்று காசோலைகளாகக் கொடுத்து மாதம் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்பதை, எனக்கு முன்னே வரிசையில் நின்ற கிரியோல் பெண்மணி செய்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை சேர்ந்தால் கட்டணத் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள், கேட்டால் மட்டுமே சொல்வார்கள்.

பாஸ் ஸ்போர் என்னும் அரசு உதவியைப் பற்றிப் பழைய செய்திகளை நம்பித் திட்டமிடாதீர்கள். தொடக்கத்தில் அது ஆறு வயதிலிருந்தே கிடைத்தது, தொகை 50 யூரோ. 2025இல் தொகை 70 யூரோவாக உயர்ந்தது, ஆனால் பள்ளித் தொடக்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 14 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான உதவித்தொகை பெறுவோருக்கு ஆறு வயதிலிருந்தே உண்டு. தகுதி இருந்தால் ஒரு குறியீட்டு எண் வரும். அதைப் பதிவு செய்யும் நாளிலேயே சங்கத்திடம் கொடுக்க வேண்டும், பணம் கட்டிய பிறகு காட்டினால் கழிப்பது கடினம்.

7. காலணியை இப்போது வாங்குங்கள், வலியைக் கவனியுங்கள்

வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு விதிக்கும் கடல்வரி காரணமாக இத்தீவில் காலணி விலை அதிகம், பிள்ளைகளின் கால் வளரும் வேகமோ அதைவிட அதிகம். விலை உயர்ந்தது வேண்டாம். நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், அடிப்பகுதி கையால் வளைக்கும்போது விரல் பக்கம் மடிய வேண்டும், நடுவில் மடியக் கூடாது. மாலையில், ஓட்டத்துக்கு அணியும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். ‘அடுத்த ஆண்டுக்கும் ஆகும்’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் பழக்கம். அதில் கால் வழுக்கிக் கொப்புளம் வந்து, மகள் இரண்டு வாரம் ஓடவில்லை.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் குதிகாலின் பின்புறம் வலிக்கிறது என்றாலோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றாலோ, அது சோம்பேறித்தனம் அல்ல. எலும்பு வளரும் இடங்களில் தசைநார் இழுப்பதால் வருவது, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தணியும். நொண்டி நடக்கும் அளவுக்கு வலி இருந்தாலோ, இரவில் வலியால் விழித்தாலோ, மருத்துவரிடம் காட்டும் வரை ஓட்டத்தை நிறுத்துங்கள்.

உணவைப் பற்றி ஒரே ஒரு சொல். பயிற்சிக்கு அரை மணி முன் எண்ணெயில் பொரித்த சமூசாவும் போன்போன் பிமாங்கும் கொடுத்தால் விலாப்பிடிப்பு உறுதி. ஒரு வாழைப்பழம் போதும். கோயில் விரத நாள்களில், குறிப்பாகக் காவடிக்கு முன்னான பத்து நாள்களில் பிள்ளையும் விரதம் இருந்தால், பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் பயிற்சியாளர் மல்பார், அதாவது இத்தீவின் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தவர் என்பதால் சொல்லும் முன்பே புரிந்துகொண்டு, அந்த வாரங்களில் மகளை நேரம் குறிக்கும் வேலையில் வைத்தார்.

8. பந்தயம் கடைசியில்

இந்தத் தீவில் அக்டோபர் வந்தால் எல்லோரும் க்ராந்த் ரெய்டைப் பற்றித்தான் பேசுவார்கள். சேன் பியேரில் தொடங்கி மலைகளைக் கடந்து சேன் தெனியின் ரெதூத் மைதானத்தில் முடியும், 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த ஓட்டத்தைப் பார்த்த பிள்ளை, தானும் மலையில் ஓட வேண்டும் என்று கேட்கும். ரெதூத்துக்கு அழைத்துச் சென்று, வந்து சேர்பவர்களுக்குக் கைதட்ட விடுங்கள். ஓடுவதற்கு, கொலேஜில் நடக்கும் க்ரோஸ் என்னும் திறந்தவெளி ஓட்டமோ, நகரத்தில் நடக்கும் பெரியவர்கள் பந்தயத்தோடு சேர்த்து வைக்கும் பிள்ளைகள் ஓட்டமோ போதும். ஒவ்வொரு வயதுக்கும் இவ்வளவு தூரம்தான் என்று வரம்பு உண்டு. வயதைக் கூட்டிச் சொல்லி நீண்ட தூரத்தில் சேர்க்க முயலும் பெற்றோரை அமைப்பாளர்கள் பிறந்த தேதியை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

பணம் கட்டும் முன் விதிமுறைத் தாளில் மூன்றைப் பாருங்கள்: பிள்ளையின் பிறந்த ஆண்டுக்கு எந்த ஓட்டம், இணையப் பதிவு என்று மூடப்படுகிறது, பெற்றோர் அனுமதியையும் உடல்நல உறுதிமொழியையும் இணையத்தில் ஏற்ற வேண்டுமா அல்லது நேரில் தர வேண்டுமா. பதிவு பெரும்பாலும் சில நாள்கள் முன்பே மூடிவிடும். அன்று காலையில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போய், மகளை வேலிக்கு வெளியே நிற்கவைத்த காலைப் பொழுது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். தொஸார் என்னும் எண் அட்டையைச் சட்டையின் முன்புறம், நான்கு மூலையிலும் ஊக்கு குத்திப் பொருத்துங்கள், நான்கு ஊக்குகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தொடக்கக் கோட்டில் சிறுவர்கள் நெருக்கியடித்துப் பாய்வார்கள். முதல் இரண்டு நிமிடம் கடைசியில் ஓடினாலும் பரவாயில்லை, வாய்ப்பாட்டு வேகத்தில் தொடங்கு என்று காதில் சொல்லி அனுப்புங்கள். என் மகள் அப்படித்தான் தொடங்கினாள். பாதிவழியில் மூச்சுத் திணறி நடக்கத் தொடங்கிய பதினைந்து பேரைக் கடந்து, எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஐம்பத்தோராவதாக வந்தாள். இறுதிக் கோட்டைத் தாண்டியதும் கேட்டது, அடுத்தது எப்போது என்றுதான்.

முடிவுகள் வெளிவந்ததும் பெயரும் பிறந்த ஆண்டும் சரியாக இருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். பிழை இருந்தால் எண் அட்டையின் படத்தை இணைத்து அமைப்பாளருக்கு உடனே எழுதுங்கள். அதற்காகவாவது அந்த அட்டையை வண்டியிலேயே கசக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.